ஐந்து ஏத்தன், ஏழு மட்டி

கேள்வி: சார், அப்பா மார்த்தாண்டம் சந்தையிலிருந்து கடைக்கு ஏத்தன், மட்டி என்று இரண்டு வகை வாழைக்குலைகள் எடுத்துவந்தார். ஏத்தன் குலைக்கு 420 ரூபாய், மட்டிக்கு 300. மொத்தம் 5,340 கொடுத்திருக்கிறார். எதில் எத்தனை என்று எழுதிய சீட்டு மழையில் நனைந்து அழிந்துவிட்டது, குலைகளும் விற்றுப்போயின. தெரியாதது இரண்டு, சமன்பாடு ஒன்று. கண்டுபிடிக்க முடியாதுதானே?
– பத்தாம் வகுப்பு மாணவி, கருங்கல்

பதில்: முடியும் மக்களே. அரைக்குலையை யாரும் வண்டியில் ஏற்றுவதில்லை. விடை முழு எண்ணாக, பூஜ்யத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதே உனக்குப் பெரிய துணை.

ஏத்தனை ‘ஏ’ என்றும் மட்டியை ‘ம’ என்றும் வைத்துக்கொள். 420ஏ + 300ம = 5340. எல்லாம் 60-ஆல் வகுபடும்: 7ஏ + 5ம = 89.

இங்கே கொஞ்சம் நில். அப்பா 5,350 என்று சொல்லியிருந்தால் 60-ஆல் வகுக்கும்போது மீதி 10 வரும். எத்தனை குலை வாங்கினாலும் அந்தத் தொகை வராது. தொகையோ விலையோ தப்பு என்று அப்போதே சொல்லிவிடலாம். என்னிடம் படித்த பிள்ளைகள் அதிகம் தாண்டிப்போன படி இதுதான்.

இனி 5-ஆல் வகுத்து மீதியைப் பார். 5ம மீதி விடாது. 89 விடும் மீதி 4. அப்படியானால் 7ஏ-யும் மீதி 4 விட வேண்டும். ஒரு ஏத்தன் என்றால் 7, மீதி 2. இரண்டு என்றால் 14, மீதி 4. கிடைத்துவிட்டது! 89-இல் 14 போக 75, மட்டி 15. எண்கள் பெரிதாக இருந்தால் இப்படித் தேடி முடியாது. அதற்கும் ஆரியபடர் கி.பி. 499-இலேயே ஆரியபடீயத்தில் வழி சொல்லியிருக்கிறார். எண்களைத் திரும்பத் திரும்ப வகுத்துச் சிறிதாக்கும் அந்த முறைக்குக் குட்டகம் என்று பெயர். இடித்துப் பொடியாக்குவது என்று பொருள்.

அடுத்த விடைக்கு மறுபடி முதலிலிருந்து போட வேண்டாம். என் அப்பா குலை வியாபாரி. வாங்க வந்தவர் ஏத்தன் கூடுதல் கேட்டால் மூன்று மட்டியை இறக்கிவிட்டு இரண்டு ஏத்தனை ஏற்றுவார், பணத்தைத் தொடவே மாட்டார். அன்றைய விலைக்கு அது சரி. உன் விலைக்கு ஏழு மட்டிக்கு ஐந்து ஏத்தன். இரண்டுமே 2,100 ரூபாய். அப்படி மாற்றினால் ஏத்தன் 7, மட்டி 8. இன்னொரு முறை மாற்றினால் ஏத்தன் 12, மட்டி 1. அதற்குமேல் இறக்க ஏழு மட்டி இல்லை.

ஆக விடை மூன்றே மூன்று. மொத்தக் குலை முறையே 17, 15, 13. குலைக்கு இவ்வளவு என்று ஏற்றுக்கூலி கொடுத்திருப்பார் அல்லவா? அது எவ்வளவு ஆயிற்று என்று அப்பாவிடம் கேள்.