ஆபரேஷனில் தவறு நடந்தால் டாக்டருக்குத் திறமை இல்லை என்று அர்த்தமா?

தொண்டியில் கடலுக்குப் போகும் உங்கள் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்பதால் பயந்து கேட்டிருக்கிறீர்கள். எப்போதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. கைதேர்ந்தவர் செய்தாலும் வயிற்றுக்குள் பஞ்சுத்துணி தங்கிவிடலாம், இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் கத்தி பட்டுவிடலாம். அதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன் என மூன்று தடவை நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். நர்ஸ் துணி, ஊசி, கருவிகளை எண்ணிச் சொல்வதும் இதில் உண்டு. என்னைக் கேட்டால், டாக்டரின் பெயரைவிட இந்தப் பழக்கம்தான் முக்கியம்.

ராமநாதபுரமோ மதுரையோ, எங்கே போனாலும் தயங்காமல் கேளுங்கள்: இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறீர்களா, பட்டியல் பார்க்கிறீர்களா? எந்தப் பக்கம் என்று அண்ணன் விழித்திருக்கும்போதே தோலில் குறி போடச் சொல்லுங்கள். அப்புறம் சந்தேகம் வந்தால் சிகிச்சைப் பதிவுகளைக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி.