தாலிக்கொடி அடைவில் இருக்கும்போது கலாநிதிப் பட்டத்துக்கு இன்னொரு கடனா?

கேள்வி: எனக்கு வயது 28. யாழ்ப்பாணத்தில் பொருளியல் சிறப்புப் பட்டம் பெற்றேன், முதல் வகுப்பு. இப்போது தற்காலிக உதவி விரிவுரையாளர். கைக்கு வரும் சம்பளம் ஏறக்குறைய 85,000 ரூபா. கல்வி முகவர் ஒருவர் மூலம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. புலமைப்பரிசில் இல்லை, வருடக் கட்டணம் 20,000 ஸ்ரேலிங் பவுண். அம்மாவின் நகை 12 பவுணும் வங்கியில் 18 இலட்சத்துக்கு அடைவில் இருக்கிறது, வட்டி 15 வீதம். 2021இல் அப்பாவின் சத்திரசிகிச்சைக்காக 6 இலட்சத்துக்கு வைத்தது, மூன்று முறை புதுப்பித்தோம். அடுத்த மாதம் புதுப்பித்தால் இன்னும் 6 இலட்சம் எடுக்கலாம். அதில் பாதியை அத்தான் தன் கடைக்குக் கேட்கிறார். நிரந்தர வைப்பில் 5 இலட்சம் உண்டு. விசாவுக்குக் காட்ட வேண்டும் என்பதால் தொடவில்லை. லண்டன் மாமா தன் வீட்டில் தங்கலாம் என்கிறார். மீதிக்கு வீட்டுக் காணியை ஈடு வைக்கலாம் என்கிறார் அப்பா. துணிந்து போகலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: போக வேண்டாம். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; இந்தக் காசில், இந்த வழியில் போக வேண்டாம்.

கூட்டு வட்டியை வகுப்பில் கற்பிக்கும் உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று அடைவுப் பற்றுச்சீட்டுகளின் பிரதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலாவதில் காப்பு, 3 பவுண், நாலரை இலட்சம். இரண்டாவதில் சங்கிலிகள், 4 பவுண், 6 இலட்சம். மூன்றாவதில் தாலிக்கொடி, 5 பவுண், ஏழரை இலட்சம். அப்பாவின் சிகிச்சைக்கு வாங்கிய கடன் 6 இலட்சம். அப்பா குணமாகி நடமாடுகிறார், கடன் மட்டும் மூன்று மடங்காகிவிட்டது. எப்படி?

தங்கம் ஏறும்போதெல்லாம் வங்கி பவுணுக்குக் கூடுதலாகத் தருகிறது. நீங்களும் மீட்காமல் புதுப்பித்து, ஏறிய தொகையை எடுக்கிறீர்கள். 6 இலட்சம் 9 ஆனது, பிறகு 13, பிறகு 18. மூன்று முறையில் கடன் 12 இலட்சத்தால் கூடியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய வட்டியைக் கழித்துக்கொண்டுதான் காசு கைக்கு வந்தது. இடையில் வட்டி வீதம் ஏறி இறங்கியதை விட்டுவிட்டு, 15 வீதம் என்றே குறைத்துப் பிடித்தாலும் 90,000, 1,35,000, 1,95,000 என்று 4,20,000 ரூபா வட்டிக்கே போயிருக்கிறது. கைக்கு வந்தது 7,80,000. அதில் 5 இலட்சம் வரை அத்தானின் கடைக்கும் மிச்சம் முகவருக்கும் பரீட்சைகளுக்கும் போனதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைய கடனுக்கு வட்டி மாதம் 22,500 ரூபா. அதாவது உங்கள் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல். மாதாமாதம் கட்டாததால் அது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

தங்கம் ஏறியதை உங்கள் வீட்டில் வருமானமாக எண்ணிவிட்டார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நகை அதே நகை, ரூபாதான் விழுந்தது. நீங்கள் கட்டப்போவது வெளிநாட்டுக் காசில் என்பதால் ரூபா இன்னொரு முறை விழுந்தால் கட்டணமும் அதே வேகத்தில் ஏறும். தங்கம் ஏறினால் சமாளிக்கலாம் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

புதுப்பிக்கும் திகதி அத்தானுக்கும் மனப்பாடம் போலிருக்கிறது; மூன்று முறையும் அதற்கு முந்திய வாரம்தான் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் கிடைக்கும் இடத்தில் கேட்கிறார். கொடுத்த 5 இலட்சத்தைத் திரும்ப வராத காசாக வைத்துக்கொள்ளுங்கள். இனி இல்லை என்பதை அக்காவிடம் நேரே சொல்லுங்கள், அம்மாவைத் தூது விட வேண்டாம். நகை வங்கியில் இருக்கும்வரை நீங்கள் சொல்லும் ‘இல்லை’யை யாரும் நம்ப மாட்டார்கள். எனவே முதலில் நகையை வெளியே எடுங்கள்.

வைப்பு உங்களுக்கு 8 வீதம் தருகிறது, அடைவு 15 வீதம் எடுக்கிறது. அந்த 5 இலட்சத்தை உடைத்துக் காப்பை மீளுங்கள். கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர் உங்களுக்குச் சொன்ன விலை பவுணுக்கு 2,40,000. காப்பை விற்றால் 7,20,000 வரும். அதில் 6 இலட்சத்துக்குச் சங்கிலிகளை மீட்டு அவற்றையும் விற்றால் 9,60,000. அதில் ஏழரை இலட்சத்துக்குத் தாலிக்கொடி வீட்டுக்கு வந்துவிடும். கையில் ஏறக்குறைய 3,80,000 மிஞ்ச வேண்டும். சேர்ந்த வட்டியும் கடைக்காரரின் கழிவும் போனால் அதைவிடக் குறையும். 7 பவுண் போவது அம்மாவுக்கு வலிக்கும், தெரியும். ஆனால் 12 பவுணும் ஏலத்துக்குப் போவதைவிட இது மேல். தாலிக்கொடி வந்த பிறகு எதற்காகவும் அதை மறுபடி வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனிப் படிப்பு. வருடத்துக்கு 20,000 ஸ்ரேலிங் பவுண் என்றால், ஒன்றுக்கு 400 ரூபா வைத்தாலும் 80 இலட்சம். மூன்று வருடத்துக்கு 2 கோடியே 40 இலட்சம். மாமா வீட்டில் தங்கினாலும் சாப்பாடும் பயணமும் தனி. காணியை ஈடு வைத்தாலும் முதல் வருடத்தைத் தாண்டுவது கடினம், இரண்டாம் வருடம் பாதியில் நின்றால் பட்டமும் இல்லை, காணியும் இல்லை. முகவர் ‘முழுப் பொதி’ என்று விற்பதில் இந்தக் கணக்கு இருக்காது. அவருக்கு நீங்கள் சேர்ந்தால் காசு. படித்து முடிக்கிறீர்களா என்பது அவருடைய கவலை அல்ல.

பொருளியலில் கலாநிதிப் பட்டம் பொதுவாகச் சொந்தக் காசில் செய்யும் படிப்பே அல்ல. அமெரிக்காவின் நல்ல துறைகளில் அனுமதி கிடைத்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தலுக்கோ ஆய்வு உதவிக்கோ மாதாந்தக் கொடுப்பனவும் தருவார்கள். ஐந்து, ஆறு வருடம் ஆகும். முதுமாணி இல்லாமலே சேரலாம். அவுஸ்திரேலியாவில் அரசின் ஆய்வுப் பயிற்சிப் புலமைப்பரிசில் வெளிநாட்டவருக்கும் உண்டு. இங்கிலாந்துதான் வேண்டுமென்றால் பொதுநலவாயப் புலமைப்பரிசிலில் இலங்கையர் விண்ணப்பிக்கக்கூடிய பிரிவு எது என்று முதலில் பாருங்கள். இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் பற்றி யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலேயே விசாரிக்கலாம். புலமைப்பரிசில் இல்லாமல் வரும் அனுமதிக் கடிதத்தைக் கட்டணப் பட்டியலாகவே பாருங்கள்.

உங்களுக்குத் தடையாக இருக்கப்போவது காசைவிடக் கணிதம்தான். முதல் வருடமே நுண்பாகப் பொருளியல் (தனிமனிதர், நிறுவனங்கள் பற்றியது), பருப்பாகப் பொருளியல் (முழு நாட்டுப் பொருளாதாரம் பற்றியது), பொருளியலளவை (தரவுகளைப் புள்ளிவிபரத்தால் ஆராய்வது) மூன்றும் கடுங்கணிதத்தில் நடக்கும். நீங்கள் கலைப்பீடத்தில் படித்தவர். மெய்ப் பகுப்பாய்வு, நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு என எதுவும் உங்கள் பெறுபேற்றுத் தாளில் இல்லை. ஒரு வருடம் ஒதுக்கி அவற்றை முறையாகப் படித்துச் சான்றிதழோடு பெறுங்கள். இதற்குள் நிரந்தர விரிவுரையாளர் பதவி விளம்பரமானால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால் சம்பளத்துடன் கல்வி விடுமுறை பெற வழி உண்டு. தற்காலிகப் பதவியில் அந்த வசதி இல்லை. கல்வி விடுமுறைக்குப் பிணையாளிகளோடு உடன்படிக்கை கேட்பார்கள். ஒப்பமிட முன்பு ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள்.

வட்டியாக ஏறிய அந்த 22,500 ரூபாவை இனி மாதாமாதம் சம்பளத்தில் ஒதுக்கி வையுங்கள், ஒரு வருடத்தில் 2,70,000. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். ஒரு விண்ணப்பம் ஏறக்குறைய 75 முதல் 125 டொலர். எட்டு இடங்களுக்கு 1,000 டொலர் என்று வையுங்கள், இன்றைய மதிப்பில் சுமார் 3 இலட்சம் ரூபா. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்களும் உண்டு, எழுதிக் கேளுங்கள். லண்டன் மாமா உண்மையிலேயே உதவ நினைத்தால், வீட்டில் ஓர் அறைக்குப் பதிலாக அந்த விண்ணப்பங்களில் நாலைந்துக்குத் தன் அட்டையால் கட்டிவிடச் சொல்லுங்கள்.