கரப்பொத்தானுக்கு ஒவ்வாமை மரபணுக்களால் என்ன பயன்?

கரப்பொத்தானின் சில புரதங்கள் நமக்கு ஒவ்வாமை தருபவை; ஆனால் நமக்கு இழுப்பு வரவைக்க அவற்றை ஆக்கும் மரபணுக்கள் உருவாகவில்லை. அவை பூச்சியின் சொந்த வேலைக்கானவை. சிறிய ஜெர்மன் கரப்பொத்தானின் ஒவ்வாமைப் புரதங்களை பிளா ஜி என்ற பெயரோடு எண்ணிட்டு அழைப்பார்கள். பிளா ஜி 1 நடுக்குடலில் கொழுப்பைப் பற்றும் புரதம். தின்றதும் கூடும், எச்சத்தோடு வெளியேறும். திருகோணமலைக் குசினி அலுமாரிக்குப் பின்னால் சேரும் தூளில் இதுவும் இருக்கலாம். பிளா ஜி 5 நஞ்சு முறிக்கும் நொதி. வியப்பானது பிளா ஜி 4: வளர்ந்த ஆணின் இனப்பெருக்கச் சுரப்பிகளில் உருவாகி, புணர்ச்சியின்போது விந்துப்பொதியோடு பெண்ணுக்குப் போகிறது. பிளா ஜி 7 தசைப்புரதமான டிரோபோமயோசின்; இறாலிலும் ஏறக்குறைய அதே அமைப்பு, அவித்தாலும் சிதையாது. அதனால் கொட்டியாரக்குடா இறால் தின்று உடம்பு கடிப்பவர்கள், வீட்டில் கரப்பொத்தான் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மருந்தடித்துக் கொன்றால் மட்டும் போதாது. செத்த உடலும் எச்சமும் மாதக்கணக்கில் ஒவ்வாமை தரும். உலரக் கூட்டினால் தூள் மூக்குக்கு ஏறும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.