கடல் எச்சரிக்கையை 'குட் மார்னிங்' மூடிவிடுகிறதா?

கேள்வி: குளச்சல் பக்கம் எங்கள் ஊர் மீனவர்களுக்கு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஏறக்குறைய 400 பேர். காற்று, கடல் எச்சரிக்கைக்காகத் தொடங்கியது. இப்போது பிறந்தநாள் வாழ்த்தும் அரசியலும்தான் நாள் முழுக்க. கண்டித்தால் சண்டை. பாதிப் பேர் 'மியூட்' போட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அரட்டையை நிறுத்தப் பார்க்காதீர்கள், அது நடக்காது. நடக்கவும் வேண்டாம், ஊர்ச்சேதி அதில்தான் வருகிறது. உங்கள் உண்மையான ஆபத்து அந்த 'மியூட்'தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போய்விட்டால் செல்போன் சிக்னல் இல்லை. வள்ளம் இறக்குவதற்கு முன் கண்ணில் படாத எச்சரிக்கையால் பயனே இல்லை.

அதனால் எச்சரிக்கைக்கென்று தனிக் குழு தொடங்குங்கள். அதன் அமைப்புகளில், செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் வையுங்கள். பழைய குழு அப்படியே இருக்கட்டும். "அதை மியூட் பண்ணுங்கள், இதை மட்டும் பண்ணாதீர்கள்" என்று எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். அட்மின்களாக நாலைந்து பேர் போதும். அன்பியத்துக்கு (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) ஒருவர் என்று எடுத்தால் மனத்தாங்கல் வராது. அதிகாலையில் தொழிலுக்குப் போகிறவர்கள் இருப்பதால், இரவில் போன் பார்ப்பவர் ஒருவராவது அதில் வேண்டும்.

எதைப் போடுவது என்பதில் கறாராக இருங்கள். வானிலை ஆய்வு மையமும், கடல் எச்சரிக்கை தரும் மத்திய அரசு நிறுவனமான இன்கோயிஸும் (INCOIS) சொல்வது மட்டும். ஃபார்வர்டு கூடவே கூடாது. பழைய புயல் எச்சரிக்கை தேதி இல்லாமல் சுற்றி வருவது அப்படித்தான். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. கைப்பட இப்படி எழுதுங்கள்:

"செவ்வாய் மாலை 5 மணி. கள்ளக்கடல் எச்சரிக்கை, நாளை இரவு 11.30 வரை. தகவல்: இன்கோயிஸ். வள்ளங்களை மேட்டில் ஏற்றி வையுங்கள்."

கள்ளக்கடல் எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் அலை. இங்கே காற்றே இல்லாத நாளிலும் வரும் என்பதால் ஆட்கள் நம்ப மாட்டார்கள். யார் சொன்னது, எது வரை என்பதை விட்டுவிடாதீர்கள். செய்தி குழுவின் மேலேயே நிற்கும்படி, 24 மணி நேரத்துக்கு 'பின்' (pin) செய்யுங்கள். எச்சரிக்கை விலகியதும் அதையும் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு, அதே வாசகத்தைக் கோயில் மைக்கில் வாசிக்கச் சொல்லி பங்குத்தந்தையிடம் இப்போதே பேசி வையுங்கள்.