பிறை வளையாததும் ஒரு குற்றமா?

கேள்வி: நான் பிறந்து வளர்ந்த நகரத்திலேயே, அன்றாடம் கடந்து போகும் தெரு ஒன்றில், பிரெஞ்சு பேஸ்ட்ரி கடை இருப்பதைச் சென்ற வாரந்தான் கண்டுபிடித்தேன். குரோசான் என்ற அடுக்கு ரொட்டி நான்கு வாங்கினேன். அவை பிறைபோல் வளையாமல் நேராக இருந்தன. கடித்தவுடன் உதிர்ந்து சட்டையெல்லாம் தூளாயிற்று. மாலையில் மறுபடியும் போனால் ‘தீர்ந்துவிட்டது’ என்கிறார்கள். விசாரித்ததில், அவற்றைச் செய்கிறவர் பிரெஞ்சுக்காரரே அல்லர் என்று தெரியவந்தது. காகிதப் பையோடு குரோசானின் வரலாறு அச்சிட்ட அட்டை ஒன்றையும் கொடுத்தார்கள். இரண்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இது அசல் பிரெஞ்சுக் கடைதானா, பெயர்ப்பலகை மட்டும்தானா? இதைக் கையால் தின்பதா, முள்கரண்டியாலா என்பதையும் தெரிவியுங்கள்.

பதில்: பையும் அட்டையும் வந்து சேர்ந்தன. பையை வெறுமையாக அனுப்பியிருக்கிறீர்கள் என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. நான்காவதைத் தின்றபோது உங்களுக்குப் பெரிய சந்தேகம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் நீங்கள் குற்றப்பத்திரிகைபோல் அடுக்கியிருப்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் வளைவு. ‘குரோசான்’ என்ற சொல்லுக்குப் பிறை என்றே பொருள் என்பதால் வளைந்ததுதான் அசல் என்று நீங்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் பிரான்சில் நெடுங்காலமாக உள்ள வழக்கம் வேறு. முழுக்க வெண்ணெயில் செய்ததை நேராக விடுவார்கள். மார்கரின் என்ற வெண்ணெய்ப் போலி முதலான கொழுப்பில் செய்ததை, ‘சாதா’ குரோசான் என்ற பெயரில், முனைகளை உள்ளே வளைத்து வைப்பார்கள். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாக் கடைகளும் இதைப் பின்பற்றுவதுமில்லை. இருந்தாலும், உங்களுக்குக் கிடைக்காத அந்த வளைவு கிடைத்திருந்தால்தான் நீங்கள் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது உதிர்ந்த தூள். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான செய்தி இதுதான். அதைப் போய்ப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவை விரித்து, நடுவே தகடாகத் தட்டிய வெண்ணெயை வைத்து மூடி, தேய்த்து மும்மடியாக மடிப்பார்கள். குளிரில் ஓய்வெடுக்க விட்டு மறுபடியும் தேய்ப்பார்கள், மறுபடியும் மடிப்பார்கள். மூன்று முறை இப்படி மடித்தால் மாவுக்குள் 27 அடுக்கு வெண்ணெய் நிற்கும். இந்த வேலையில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. வெண்ணெய் இளகிவிட்டால் மாவோடு கலந்து, அடுக்குகள் மறைந்து, சாதாரண இனிப்பு ரொட்டியாகிவிடும். அளவுக்கு மீறி இறுகியிருந்தால் தேய்க்கும்போது துண்டு துண்டாக உடைந்து மாவைக் கிழிக்கும். சுருட்டி வைத்த பிறகு உப்புவதற்கு வெதுவெதுப்பு வேண்டும். ஆனால் வெண்ணெய் உருகும் அளவுக்கு வெப்பம் போய்விடக் கூடாது. இத்தனையையும் தாண்டி அடுப்புக்குள் போனால், வெண்ணெயிலும் மாவிலும் உள்ள ஈரம் ஆவியாகி அடுக்கை அடுக்கிலிருந்து தூக்கும். வெளியிதழ்கள் காய்ந்து மொறுமொறுப்பாகும். அந்த இதழ்கள்தாம் உங்கள் சட்டையில் விழுந்தவை. உதிராத குரோசானில் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும், அல்லது அது நேற்றையதாக இருக்கும்.

அடுத்த முறை ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே தேனடைபோல் கண்கள் திறந்து, அவற்றின் சுவர்கள் ஒளி ஊடுருவும் அளவு மெல்லியதாக இருந்தால், செய்தவருக்குத் தொழில் தெரியும். நடுவில் களிபோல் ஈரமான முடிச்சு ஒன்று தென்பட்டால் தெரியாது, அல்லது அன்று அவருக்கு அவசரம். மார்கரின் என்றால் நாக்கே சொல்லிவிடும். வெண்ணெய் வாய்ச்சூட்டில் கரைந்து போய்விடும். மார்கரினோ மேலண்ணத்தில் மெழுகுப் படலம்போல் ஒட்டிக்கொண்டு, காபி குடித்தாலும் விலக மறுக்கும்.

மாலையில் தீர்ந்துவிட்டது என்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குரோசான் காலைப் பண்டம். காலையில் சுட்டது காலையிலேயே விற்றுப்போயிருக்கிறது. மாலைக்கென்று பழையதைச் சூடுபடுத்தித் தரவில்லை.

செய்கிறவர் பிரெஞ்சுக்காரர் அல்லர் என்று துப்பறிந்திருக்கிறீர்கள். பாரிஸ் நகரத்துக்கு வியன்னா பாணிப் பண்டங்களை அறிமுகப்படுத்தி, 1830களின் இறுதியில் ரிஷெல்யூ தெருவில் ‘வியன்னா அடுமனை’ திறந்த ஆகஸ்ட் சாங், ஆஸ்திரியாவில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர். அவர் விற்ற ‘கிப்ஃபெல்’ என்ற பிறை ரொட்டியைப் பார்த்துப் பாரிஸ்காரர்கள் செய்ததுதான் குரோசான். இன்றைக்கும் அந்த வகைப் பண்டங்கள் அனைத்துக்கும் பிரெஞ்சில் ‘வியன்னா சரக்கு’ என்ற பொருளிலேயே பெயர் வழங்குகிறது. (அந்தச் சாங் பிற்பாடு அடுமனையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, 1848இல் பத்திரிகை ஆரம்பித்தார். பத்திரிகையை விட்டுவிட்டு அடுமனைக்குப் போக எனக்கும் சில நாட்களில் ஆசை வருவதுண்டு.) பாரிஸின் மிகப் பழைய பேஸ்ட்ரி கடை என்று பெயர்பெற்ற, 1730இல் மோந்தோர்கேய் தெருவில் தொடங்கிய கடையும், நாடிழந்த போலந்து மன்னர் ஒருவரின் சமையலறையிலிருந்து வந்த ஸ்தோரர் வைத்ததுதான். அந்த மன்னரின் மகள் பதினைந்தாம் லூயியை மணந்தபோது அவளோடு வெர்சாய் வந்தவர் அவர். பிறப்புச் சான்றிதழ் கேட்பதென்றால் குரோசானிடமிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

பெயர்ப்பலகை பற்றிய ஐயம் நியாயமானது. ஆனால் பிரான்சிலேயே அதற்குப் பாதி விடைதான் உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரொட்டியை விற்கும் இடத்திலேயே பிசைந்து, புளிக்க வைத்து, சுட்டு, எந்த நிலையிலும் உறைய வைக்காதவர்தாம் ‘பூலாஞ்சரி’, அதாவது ரொட்டிக்கடை, என்று பலகை மாட்டலாம். அந்தக் காப்பு ரொட்டிக்கு உண்டு, குரோசானுக்கு இல்லை. தொழிற்சாலையில் உறைய வைத்து வந்த குரோசானை அதே கூரையின் கீழ் சுட்டு விற்பவர்கள் அங்கேயும் நிறையப் பேர். ஆகவே உங்கள் நகரத்துக் கடைக்காரரிடம் அவருடைய நாட்டைக் கேட்காதீர்கள்; மாவை எங்கே மடிக்கிறார், எந்தக் கொழுப்பைப் போடுகிறார் என்று கேளுங்கள். தானே செய்கிறவர் இதற்கு அரை மணி நேரம் பதில் சொல்வார்.

உங்கள் உறையில் போலி என்று நான் கண்டது அந்த அட்டை ஒன்றைத்தான். 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது, சுரங்கம் தோண்டும் ஓசையை அடுமனைக்காரர்கள் கேட்டு ஊரைக் காப்பாற்றினார்கள் என்றும், அந்த வெற்றிக்காகத் துருக்கியரின் சின்னமான பிறை வடிவில் ரொட்டி சுட்டார்கள் என்றும் அதில் அச்சடித்திருக்கிறார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிப்ஃபெல் அந்த முற்றுகைக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அடுக்கடுக்காக மடித்த வெண்ணெய்க் குரோசானோ ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவம் பெற்றது. கடைக்காரர் அட்டை அச்சடிக்கும் செலவையும் வெண்ணெயில் போடலாம்.

கடைசிக் கேள்விக்கு: கையால். முள்கரண்டியை வைத்தால் அடுக்குகள் நசுங்கும். பிரான்சில் அதைக் காபியில் நனைத்துத் தின்பவர்களும் உண்டு, ஒளித்துச் செய்வதில்லை. சட்டையில் விழுந்த இதழ்களைத் தட்டிவிடாமல், விரல் நுனியை ஈரமாக்கி ஒற்றி எடுத்துக்கொள்ளலாம்.