டாங்கிச் சண்டை பார்க்கிற பையனுக்கு வரலாறு படிப்பு சரிவருமா?

அண்ணே, தண்டையார்பேட்டையிலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைக்குது, இவன் பி.ஏ. வரலாறுதான்னு அடம்பிடிக்கிறான், ராத்திரி பூரா டாங்கி வீடியோ" என்று வருத்தப்பட்டீர்கள். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவனிடம் பேசினேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1943 ஜூலை 12, ரஷ்யாவில் புரோகோரோவ்கா. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படையும் சோவியத் படையும் மோதிக்கொண்ட இடம். உலகத்திலேயே பெரிய டாங்கிச் சண்டை, ஜெர்மனிக்கு ஒரே நாளில் சுமார் 400 டாங்கி போச்சு என்று பல வருஷம் எழுதினார்கள். அதைத்தான் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவனோ, கார்ல்-ஹைன்ஸ் ஃப்ரீசர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அவர்கள் ராணுவத்தின் கணக்கையே எடுத்துப் பார்த்தபோது அன்றைக்கு அடியோடு போனது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் என்றும், பெரிய இழப்பு சோவியத்துக்குத்தான் என்றும் சொன்னான். சரி, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். சண்டை நடந்த இடம் ஜெர்மானியர் கையில் இருந்ததால் அடிபட்டதை இழுத்துப்போய்ப் பழுது பார்த்தார்கள், பழுதானதும் அழிந்ததும் வேறு வேறு கணக்கு என்றான். ரஷ்ய ஆய்வாளர் வலேரி சமுலின் சோவியத் ஆவணங்களைத் தோண்டியதையும், அந்தக் காலத்து விமானப் படங்களை வைத்து இப்போது சரிபார்ப்பதையும்கூடச் சொன்னான். எண்ணிக்கை மாறினாலும் ஜெர்மன் தாக்குதல் அங்கே நின்றுபோனது மாறவில்லை என்று அவனாகவே சேர்த்தான் பாருங்கள், அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. வரலாற்றுத் துறையில் செய்கிற வேலையே இதுதான் அண்ணே.

ஆனால் வெறும் பி.ஏ.வோடு நிறுத்தினால் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். எம்.ஏ., பி.எட். முடித்தால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாம், கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வு நெட், அதில் தேறினால் கல்லூரிப் பக்கம் வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது, டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஆவணப் பராமரிப்புக்கு டிப்ளமோ நடத்துகிறது. ராணுவ அதிகாரி ஆகணும் என்றால் எந்த டிகிரியோடும் சி.டி.எஸ். என்ற ராணுவ அதிகாரித் தேர்வு எழுதலாம். ஆங்கிலத்தை இப்போதே பலப்படுத்தணும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முடிவெடுக்கும் முன் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம்ம துறைமுகத்துப் பக்கம் பர்மா கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது இல்லையா, அதைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற கதையையும் கன்னிமாரா நூலகத்தில் கிடைக்கிற பழைய பதிவுகளையும் ஒப்பிட்டு நான்கு பக்கம் எழுதிவரச் சொன்னேன். ரெண்டு வாரம் டைம். எழும்பூருக்குப் போகணும் என்று கேட்டால் திட்டாமல் பஸ் காசு கொடுங்கள், எழுதியதை எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் வாருங்கள்.