வேக்குவம் சீலர் வாங்கலாமா? உங்கள் கடிதங்களும் என் பதில்களும்

ஃப்ரீசரில் மீன் வைப்பதைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டுகிற அந்த மெஷினைப் பற்றியே கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், மாமியார் பற்றிய பகுதிகளை நீக்கிவிட்டேன்.

1,800 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 7,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வீட்டில் நாலு பேர். எதை வாங்குவது? (கோவை வாசகி)

முதலில் உங்கள் ஃப்ரீசர் எவ்வளவு பெரியது என்று சொல்லுங்கள். ஐஸ் டிரேயும் ஒரு பால் பாக்கெட்டும் வைத்ததும் நிறைந்துவிடுகிற ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் 1,800-ம் தண்டம், 7,000-ம் தண்டம். இந்த மெஷினுக்கு உண்மையான வேலை ஃப்ரீசரில்தான். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் மொத்தமாக மீன் வாங்கி வேளைக்கு ஒரு பை என்று பிரித்துப் போடுகிற வீடு, ஊரிலிருந்து தேங்காய் மூட்டையாக வந்து இறங்குகிற வீடு, இவர்களுக்கெல்லாம் லாபம். துருவிய தேங்காயைப் பையில் தட்டையாகப் பரப்பி ஒட்டி வைத்தால் அப்பளம் மாதிரி உறைந்திருக்கும், வேண்டிய அளவு ஒடித்து எடுக்கலாம், மேலே ஐஸ் பூத்து வறண்டு போகாது.

வாங்குவதென்று முடிவானால், ஒட்டுகிற கம்பி குறைந்தது 28 செ.மீ. அகல ரோலுக்கு (பை வெட்டியெடுக்கிற பிளாஸ்டிக் சுருளுக்கு) இடம் கொடுக்க வேண்டும். காற்றை இழுக்காமல் ஒட்ட மட்டும் தனி பட்டன் இருக்க வேண்டும். விட்டுவிட்டு இழுக்கிற பட்டன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முறுக்கு உள்ளேயே தூளாகிவிடும். தண்ணீர் வடிகிற தட்டைக் கழற்றிக் கழுவ முடியுமா, மூடியைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் கேஸ்கெட் தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். மெஷினில் முதலில் போகிறது அந்த கேஸ்கெட்தான். வேலை முடிந்த பிறகும் மூடியைப் பூட்டியே வைக்கிறவர்கள் வீட்டில் இன்னும் சீக்கிரம் நசுங்கிப் போகும். இதெல்லாம் இருந்தால் விலை 3,000-ஆ 5,000-ஆ என்பது உங்கள் சௌகரியம். மீதிப் பணம் பெரும்பாலும் ஸ்டீல் மூடிக்கும் நீல விளக்குக்கும் போகிறது.

மெஷின் காற்றையே இழுக்கவில்லை. மளிகைக் கடையில் வாங்கிய கெட்டியான பிளாஸ்டிக் கவர்தான் போட்டேன். (திண்டுக்கல் வாசகர்)

கூடவே ஒரு தாள் வந்திருக்குமே, அதைப் படித்தீர்களா? வீட்டு மெஷின் பையின் வாய் வழியாகக் காற்றை இழுக்கிறது. வழவழப்பான கவர் என்றால் இரண்டு பக்கமும் உடனே ஒட்டிக்கொண்டு காற்றுக்கு வழி அடைத்துவிடும். அதற்குத்தான் ஒரு பக்கம் கோடு கோடாக வரிபோட்ட பை. வழவழப்பான பை போடுகிற மெஷினும் இருக்கிறது, பையோடு சேர்த்து முழுப் பெட்டியிலும் காற்றை எடுக்கிற சேம்பர் மெஷின். அது கடைக்காரர்களுக்கு, எடையும் விலையும் வேறு.

மைனஸ் 90 கிலோபாஸ்கல் என்று போட்டு விற்றார்கள். கேஜ் மாட்டிப் பார்த்தேன், 70-ஐத் தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (ஊட்டி வாசகர்)

கேஜ் மாட்டி அளந்த வாசகர் எனக்குக் கிடைத்துவிட்டார், இனி என்ன வேண்டும்! இல்லை ஐயா, உங்களை ஏமாற்றவில்லை. கிலோபாஸ்கல் என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு, மைனஸ் 90 என்றால் பைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட 90 குறைவு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நீங்கள் இருப்பது 2,200 மீட்டருக்கு மேலே, அங்கே மொத்தமே 77 சொச்சம்தான். அதில் 70-ஐ உறிஞ்சிவிட்டது என்றால் பத்தில் ஒன்பது பங்கு காற்று போய்விட்டது. அதே மெஷின் சென்னையில் 90-ஐத் தொடும். நல்ல மெஷின், வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்று வேலை எதுவென்றால் சில விளம்பரங்களில் வருகிற 'மைனஸ் 120 கிலோபாஸ்கல் சூப்பர் பவர்'. இருக்கிற காற்றே 101, இவர்கள் 120-ஐ எங்கிருந்து உறிஞ்சுகிறார்கள்? அந்த எண்ணைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடலாம்.

மட்டன் சுக்கா செய்து சூட்டோடு சீல் பண்ணி அலமாரியில் வைத்தேன். விளம்பரத்தில் ஃப்ரிட்ஜே வேண்டாம் என்றார்கள். இப்போது பை லேசாக உப்பியிருக்கிறது. சூடுபண்ணிச் சாப்பிடலாமா? (விருதுநகர் வாசகர்)

கூடாது. பிரிக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், இன்னொரு கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். நாய்க்கும் வைக்க வேண்டாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த விளம்பரத்தை எழுதியவர் மேல்தான். காற்றை எடுத்துவிட்டால் கிருமி வளராது என்று ஊரே நம்புகிறது. காற்றில்லாத இடம்தான் வேண்டும் என்று காத்திருக்கிற கிருமியும் உண்டு, அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். அது விடுகிற நஞ்சு நரம்பைத் தாக்கும், மூச்சையே நிறுத்தும். புளிப்பில்லாத, ஈரமுள்ள எந்த உணவும் அதற்கு வசதி: கறி, மீன், வேகவைத்த உருளைக்கிழங்கு, எண்ணெயில் போட்ட பூண்டு. கொதிக்கவைத்தால் செத்துவிடும் என்பார்கள். அதன் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. கடையில் வெளியே அடுக்கி வைத்திருக்கிற ரெடிமேட் குழம்புப் பாக்கெட்டுகளைக் காட்டி வாதாடாதீர்கள். அவற்றை ஒட்டிய பிறகு, பையோடு சேர்த்து, அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். நம் வீட்டு மெஷின் ஒட்டுவதோடு சரி. பை உப்பினால் ஒரு எச்சரிக்கையாவது கிடைத்தது. உப்பாமலும், நாற்றம் இல்லாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதுதான் இதில் கொடுமை.

ஆகவே சமைத்ததை நன்றாக ஆறவைத்து, சீல் பண்ணி, நேராக ஃப்ரீசரில், மைனஸ் 18-ல். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் டப்பாவில் வைக்கிற அதே மூன்று நாலு நாள் கணக்குதான், காற்றை எடுத்ததற்காக ஒரு நாள்கூட அதிகம் கிடையாது. உறைந்த மீனை இளக்கும்போது முதலில் பையின் வாயை வெட்டிவிட்டு, பிறகு ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளக்குங்கள். பச்சைப் பூண்டையும் காளானையும் காற்றெடுத்துச் சீல் பண்ணவே வேண்டாம்.

ரசம், சாம்பாரைச் சீல் பண்ண முடியுமா? (மதுரை வாசகி)

டப்பாவில் ஊற்றி உறையவைத்து, கட்டியானதும் தட்டி எடுத்துச் சீல் பண்ணுங்கள். அப்படியே ஊற்றினால் ரசத்தை மெஷின் குடித்துவிடும்.

இட்லி மாவு? (அதே வாசகி)

பொங்குகிற மாவைப் பூட்டி வைப்பானேன். வேண்டாம்.

காலிஃபிளவர் பை ரெண்டே நாளில் பலூன் ஆகிவிட்டது, மெஷின் கோளாறா? (ஓசூர் வாசகர்)

கோளாறில்லை. கோஸ், காலிஃபிளவர் எல்லாம் வெட்டிய பிறகும் வாயு விடும். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, பிறகு சீல் பண்ணி ஃப்ரீசரில் வையுங்கள்.

ஆன்லைனில் 3,499 ரூபாய்க்கு வாங்கினேன். கூட வந்த பையிலேயே ஒட்டவில்லை, ஒரு ஓரம் மட்டும் திறந்தே இருக்கிறது. விற்றவர், 'நீங்கள் உபயோகித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார். ஓய்வூதியத்தில் வாங்கியது. (கும்பகோணம் வாசகர்)

ஐயா, உபயோகிக்காமல் ஒட்டவில்லை என்று எப்படித் தெரியும்? இந்தப் பதிலை அவர்கள் மனப்பாடம் செய்துவைத்து எல்லோரிடமும் சொல்கிறார்கள். விட்டுவிடாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் நேராகவே இருக்கிறது: பொருள் பழுதாக இருந்தால், அல்லது விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாவிட்டால், திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது.

ஒரு வெறும் பையை ஒட்டி, அதில் தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்து, ஒழுகுவதை வீடியோ எடுங்கள். பில், விளம்பரப் பக்கத்தின் படம், அவர்களுடைய மறுப்பு எல்லாவற்றையும் சேர்த்து, நீங்கள் வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் அதிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: உங்கள் ஊர் எந்த மாவட்டமோ அங்கேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

மெஷின் மலிவாகத்தான் கிடைத்தது. ரோல் வாங்கியே கட்டுப்படியாகவில்லை. 5 மீட்டர் ரோல் 600 ரூபாய். (சேலம் வாசகி)

வந்துவிட்டீர்களா என் வயிற்றெரிச்சலுக்கு! கணக்குப் போடுங்கள். இரண்டு முனையும் ஒட்டப் போகிற இடத்தையும் சேர்த்தால் ஒரு பைக்கு 30 செ.மீ. 5 மீட்டரில் 16 பை, பை ஒன்று 37 ரூபாய்க்கு மேல். அதில் அரைக் கிலோ கத்திரிக்காயை வைத்தால் காயைவிடப் பைக்கு அதிகம் அழுதிருப்பீர்கள். பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் பிடுங்குகிற அதே வித்தை. பெட்டியின் மேல் மெஷின் விலை கொட்டை எழுத்தில் இருக்கும், பை ஒன்றுக்கு என்ன விலை என்று எங்காவது போட்டிருக்கிறார்களா? கூடவே 'எங்கள் ரோலைத் தவிர வேறு போட்டால் வாரண்டி இல்லை' என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி. நான் வாங்கிய முதல் மெஷின் 22 செ.மீ. ரோலை மட்டும்தான் எடுக்கும். அந்த ரோலை அந்த கம்பெனி மட்டும்தான் விற்றது, அப்புறம் விற்பதையும் நிறுத்திவிட்டது. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, பரணில்.

வழி இருக்கிறது. வெளிப்புறம் நைலான், உள்ளே பாலிஎத்திலீன், வரிபோட்டது, உணவுக்கு உகந்தது என்று குறிப்பிட்ட எந்த ரோலும் அளவு பொருந்தினால் வேலை செய்யும். பேக்கிங் சாமான் விற்கிற மொத்தக் கடைகளில் விசாரியுங்கள். பையை நீளமாக வெட்டினால் ஓரத்தை மட்டும் நறுக்கி மறுபடி ஒட்டலாம். பருப்பு, தேங்காய் வைத்த பையைக் கழுவி உலர்த்தித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மீன், கறி வைத்ததை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். அடுத்தடுத்து ஒட்டும்போது அரை நிமிடமாவது ஆறவிடுங்கள், கம்பி சூடேறிப் பையை உருக்கினால் அதுவும் 37 ரூபாய்.

அரிசியில் வண்டு வராமல் இருக்க சீல் பண்ணலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

மாதச் சாமான் வாங்கி மாதத்தில் தீர்க்கிற வீட்டுக்குத் தேவையில்லை, தூக்கு டப்பா போதும். ஊரிலிருந்து வருடத்துக்கு அரிசி வருகிறது என்றால் செய்யலாம், ஆனால் வண்டின் முட்டை அரிசியோடேயே வருகிறது. சிறு பைகளாகக் கட்டி நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, வெளிப்பக்க ஈரம் காய்ந்ததும் அலமாரியில் வையுங்கள். மூட்டை முழுவதையும் இப்படிச் செய்வதற்குள் உங்களுக்கு அலுத்துவிடும், அது வேறு விஷயம். மாவு, மிளகாய்த்தூள் சீல் பண்ணுகிறவர்கள் பையின் வாய்க்குக் கீழே ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வையுங்கள். தூள் ஒட்டுமிடத்தில் படிந்தால் பை ஒட்டாது.

சர்டிபிகேட், பத்திரம், வெள்ளிச் சாமான் இவற்றை வைக்கலாமா? 2015 வெள்ளத்தில் எல்லாம் போனது. (சென்னை, முடிச்சூர் வாசகி)

தாராளமாக. பின்னால் ஒரு கெட்டி அட்டை வைத்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் உறிஞ்சும்போது தாள் கசங்கும். முதலில் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வெள்ளியைத் துடைத்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகமே கறுக்கவைத்துவிடும். மழைக்காலத்துக்கு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு செட் துணி என்று ஒரு பை வைக்கலாம். மாத்திரையை ஸ்ட்ரிப்போடு வையுங்கள், பிரித்துக் கொட்டாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனுக்குக் கருவாடு கொண்டுபோகிறேன். சீல் பண்ணினால் விட்டுவிடுவார்கள்தானே? (நாகர்கோவில் வாசகி)

வாசனை வராது, அவ்வளவுதான். அங்கே இறங்கியதும் உணவுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம். எழுதிக் கொடுத்தால், அதிகம் போனால் கருவாட்டை எடுத்துக்கொள்வார்கள்.

தள்ளுபடியில் வாங்கிப் பதினோரு மாதம் ஆகிறது, பெட்டியைப் பிரிக்கவே இல்லை. ஒரு வருட வாரண்டி பிரித்த நாளிலிருந்துதானே? (திருப்பூர் வாசகர்)

இல்லை. பில் தேதியிலிருந்து. இந்தக் கடிதத்தை எழுதிய நேரத்தில் பிரித்து ஒரு பையை ஒட்டிப் பார்த்திருக்கலாம்.